பிரஷருக்கு மனசைப் பழக்குவது எப்படி?

பிரஷர் என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கவலைப்படாதீங்க, நல்லதையே நினைங்க." எப்படி நினைப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நினைப்பை மாற்றினால் பிரஷர் இறங்கும், ஆனால் பெரும்பாலும் சில புள்ளிகள்தான் இறங்கும். மூச்சு, நடை, உப்பு, தூக்கம் எல்லாம் சேர்ந்தால்தான் அது கணிசமாகத் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை விடாமல் கூடவே செய்ய வேண்டிய வேலை இது. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட எகிறும்.

முதலில் அளவு சரியாக வர வேண்டும். மேல்கையில் பட்டை கட்டும் மெஷினே நல்லது. மணிக்கட்டு மெஷின் கையைச் சற்று ஏற்றி இறக்கி வைத்தாலே வேறு எண்ணைக் காட்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதனால் கையின் சுற்றளவைச் சொல்லி வாங்குங்கள். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க, கையை மேசைமேல் வையுங்கள். 1 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். இரவிலும் அப்படியே. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும்.

மெஷின் ஊதிக்கொண்டிருக்கும்போது "எவ்ளோ காட்டுது?" என்று கேட்பவருக்குப் பதில் சொன்னால் அதிலேயே 10 புள்ளி வரை ஏறலாம். கால்மேல் கால் போட்டிருந்தாலும் கூடும்.

மனசு மெஷினோடு மோதுவதும் இங்கேதான். மேல் எண் 152 என்று வந்ததும் "போச்சு, ஸ்ட்ரோக் வரப்போகுது" என்று தோன்றும். தோள் ஏறும், தாடை இறுகும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக் குழாய் சுருங்கும். உடனே மறுபடி பார்த்தால் 160. அப்புறம் பத்துத் தடவை பார்ப்பார்கள், பத்துத் தடவையும் பயம்தான் அளவாக வரும். நல்ல நினைப்பு என்பது அந்த நேரத்தில் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சாதிப்பதல்ல. அப்படிச் சாதிக்கிறவர்தான் அடுத்த வாரம் மாத்திரையை விடுவார். "இது இந்த நிமிஷத்து அளவு. எழுதி வெச்சுட்டேன், ராத்திரி பார்ப்பேன்" என்று சொல்லி மெஷினை அலமாரியில் வைப்பதுதான் நல்ல நினைப்பு. உண்மையாக இருப்பதால் மனசு அதை ஏற்றுக்கொள்ளும்.

மற்ற கவலைகளுக்கும் இதே வழிதான். ஒரு நோட்டில் மூன்று வரி போதும்: மனசு என்ன சொல்கிறது, உண்மையில் தெரிந்தது என்ன, இப்போது செய்யக்கூடியது என்ன. நம் புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று டிவியில் ஓடினாலே 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்தவர்களுக்குத் தூக்கம் போய்விடும். முதல் வரி: "இந்தத் தடவையும் எல்லாம் போயிடும்." இரண்டாவது: வானிலை மையம் இன்று சொன்னது மட்டும். மூன்றாவது: 15 நாள் மாத்திரை, டார்ச், குடிதண்ணீர், பத்திரங்களுக்குப் பிளாஸ்டிக் கவர். மூன்றாவது வரியை முடித்துவிட்டு டிவியை அணைத்துவிடுங்கள். செய்தி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போதும். மூன்றாவது வரி காலியாக இருந்தால் கவலை திரும்பி வரும். சின்ன வேலையாவது ஒன்று எழுதியே ஆக வேண்டும்.

அடுத்தது மூச்சு. மூக்கு வழியாக 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். தினமும் 10 நிமிடம். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும், குழாய் தளரும். தலை சுற்றினாலோ விரல் நுனி மரத்தாலோ மூச்சை அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாக இழுத்தால் போதும், நிறைய வேண்டாம். பிரஷர் கட்டுப்படாதவர்கள் வேகவேகமாக மூச்சு விடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றையும் தவிர்க்க வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று சொல்லி இவற்றையே கற்றுத்தருவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

நடைக்கு இங்கே இடப் பஞ்சமில்லை. புதுச்சேரி பீச் ரோட்டில் மாலையில் வண்டி விடமாட்டார்கள். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. வாரத்தில் 5 நாள், அரை மணி, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள். திரும்பும்போது பஜ்ஜி வேண்டாம். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்ற உப்புக் கணக்கு அந்த வேளையிலேயே தாண்டிப்போகும். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுபுரூபன் மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். மனசை எவ்வளவு பழக்கினாலும் எண் இறங்காதவர்கள் இதை முதலில் பாருங்கள்.

180/120 தாண்டினால் 5 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் குழறல், பார்வை மங்கல் என்று எதுவாவது இருந்தால் மறுபடி அளக்காமல் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மற்றபடி ஒரு மாதம் பிரஷர் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அதைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.