பதினாலும் பச்சை, அப்புறம் அந்த 600 நாள்

போன மாதம் ரிவ்யூவுக்கு ஒரு புராஜெக்ட் ஷெட்யூல், அதாவது எந்த வேலை எப்போது என்கிற அட்டவணை, வந்தது. கூடவே அது ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கிற செக் ரிப்போர்ட்டையும் இணைத்திருந்தார்கள்: 14 வரி, பதினாலும் பச்சை. ஓடிக்கொண்டிருக்கிற புராஜெக்ட்டில் எங்காவது ஒரு வேலை பின்தங்கியிருக்கும், எங்காவது வேலைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு லிங்க் விட்டுப்போயிருக்கும், அதனால் முழுப் பச்சையாக ஒன்று கைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வருகிறது. தொழில் புத்தி, என்ன செய்ய.

தெரியாதவர்களுக்காக: இந்த 14 செக்குகளும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் காண்ட்ராக்ட்டுகளைக் கவனிக்கும் டிசிஎம்ஏ என்கிற அமைப்பிலிருந்து வந்தவை. காண்ட்ராக்டர்கள் கொடுக்கிற ஷெட்யூல்களை எல்லாம் ஒரே அளவுகோலால் பார்க்கத்தான் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாத கட்டடம், பைப்லைன், சாஃப்ட்வேர் என எல்லாவற்றுக்கும் இதையே போட்டுப் பார்க்கிறோம். ஒரு பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட் வந்துவிடுகிறது, அந்தச் சௌகரியம்தான் காரணம்.

முதல் செக் லாஜிக், அதாவது எதற்குப் பின் எது என்கிற தொடர்பு. முடியாமல் பாக்கி இருக்கிற ஆக்டிவிட்டிகளில், முன்னால் ஒரு லிங்க்கோ பின்னால் ஒரு லிங்க்கோ இல்லாமல் அந்தரத்தில் தொங்குபவை 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல செக். பின்னால் லிங்க் இல்லாத வேலை எவ்வளவு தாமதமானாலும் யாருக்கும் எதுவும் ஆகாது என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். ஆனால் இதில் பாஸாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது: தொங்குகிறதையெல்லாம் பிடித்து நேராகப் புராஜெக்ட் முடிவைக் குறிக்கிற மைல்ஸ்டோனில் கட்டிவிடுவது. லாஜிக் பச்சையாகிவிடும். ஆனால் ஆரம்பத்திலேயே முடிய வேண்டிய ஒரு வேலை கடைசித் தேதியோடு மட்டும் கட்டப்பட்டால் அதன் ஃப்ளோட், அதாவது முடிவுத் தேதியைப் பாதிக்காமல் அது தாமதமாகக்கூடிய அவகாசம், இருநூறு முந்நூறு நாள் என்று காட்டும், அங்கே ஆறாவது செக் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் 44 வேலை நாளுக்கு மேல் ஃப்ளோட் உள்ளவையும் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 44 என்ன கணக்கு என்று கேட்டால், மாதத்துக்கு 22 வேலை நாள், இரண்டு மாதம், அவ்வளவுதான். ஒரு ஆக்டிவிட்டியின் கால அளவுக்கும் இதே 44தான்.

அதனால் ரிப்போர்ட்டை வரி வரியாக மேலிருந்து கீழே படிப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. ஒரு செக்கை ஏமாற்றினால் அந்த வீக்கம் இன்னொரு செக்கில் தெரியும். ஆகவே ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டும். லாஜிக்கும் அதிக ஃப்ளோட்டும் ஒரு ஜோடி.

இன்னொரு ஜோடி பிஇஐயும் (திட்டமிட்டதில் எவ்வளவு முடிந்தது என்கிற விகிதம்) தவறவிட்ட வேலைகளும் (குறித்த தேதிக்குள் முடியாதவை). பேஸ்லைன்படி, அதாவது முதலில் ஒப்புக்கொண்ட திட்டப்படி, இன்றைக்குள் 100 வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 80 என்றால் பிஇஐ 0.80. எதிர்பார்ப்பு 0.95. இதிலே ஒரு ஓட்டை உண்டு: அது மொத்தமாக எத்தனை முடிந்தது என்று மட்டும்தான் எண்ணும், எது முடிந்தது என்று கேட்காது. அடுத்த மாதம் செய்ய வேண்டிய சுலபமான 20 வேலைகளை இப்போதே முடித்துவிட்டுக் கஷ்டமான 20-ஐத் தள்ளிப்போட்டால் பிஇஐ ஜம்மென்று 1.0. தவறவிட்ட வேலைகள் செக்கில் மட்டும் அந்த 20 சதவீதம் சிவப்பாக நிற்கும். மாதாந்திர மீட்டிங்கில் பிஇஐ மட்டும் ஸ்லைடில் வந்து மற்றது வராமல் போனால், நான் கேட்கிற முதல் கேள்வி அந்த மற்றதைப் பற்றித்தான்.

லீட் (முந்தைய வேலை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கவிடும் மைனஸ் இடைவெளி) ஒன்றுகூட இருக்கக் கூடாது, நெகட்டிவ் ஃப்ளோட் (தேதிக்குள் முடிக்க நாள் போதாத நிலை) கூடாது, டேட்டா டேட்டுக்கு (நிலவரம் கணக்கெடுத்த நாள்) பிந்தைய தேதியில் ஒரு வேலை ஏற்கெனவே முடிந்ததாகப் போடக் கூடாது. இதிலெல்லாம் விவாதிக்க ஒன்றும் இல்லை. நாளைக்கு முடியப்போகிற வேலைக்கு இன்றைக்கே ஆக்சுவல் தேதி போடுகிறவரிடம் என்ன பேசுவது?

லாக் (இரண்டு வேலைக்கு நடுவே காத்திருக்கும் நாள்) விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லிங்க்குகளில் 5 சதவீதம் வரை லாக் இருக்கலாம் என்பது விதி. கான்கிரீட் போட்டு, அது இறுக ஏழு நாள் க்யூரிங், அப்புறம் அடுத்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரும் லிங்க்கில் 7 என்று ஒரு லாக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஷெட்யூல் போடுகிற மென்பொருளான ப்ரிமவேராவில் லாக்கை எந்தக் காலண்டரில் எண்ணுவது என்று ஒரு செட்டிங் இருக்கிறது, முன்னால் இருக்கிற ஆக்டிவிட்டியின் காலண்டரில் அது நின்றால், அந்த ஆக்டிவிட்டிக்கு வாரம் ஐந்து நாள் காலண்டர் என்றால், உங்கள் ஏழு நாள் க்யூரிங் ஒன்பது நாளாகி நிற்கும். கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? இப்படி முப்பது நாற்பது இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். க்யூரிங் என்று தனியாக ஒரு ஆக்டிவிட்டி போட்டு அதற்கு ஏழு நாள் காலண்டரைக் கொடுத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியும், கணக்கும் சரியாக வரும். லாக்குக்குப் பெயர் கிடையாது, வேலைகளைப் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் சார்ட்டில் அது வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று ஆறு மாதம் கழித்துப் போட்டவருக்கே நினைவிருக்காது.

சரி, அந்தப் பச்சை ஷெட்யூலுக்கு வருகிறேன்.

பன்னிரண்டாவது செக்கின் பெயர் கிரிட்டிக்கல் பாத் டெஸ்ட். கிரிட்டிக்கல் பாதையில், அதாவது புராஜெக்ட் முடிவுத் தேதியைத் தீர்மானிக்கிற வேலைத் தொடரில், ஒரு வேலையை எடுத்து, அதன் மீதமுள்ள காலத்தில் 600 நாளைக் கூட்டி, மறுபடி ஷெட்யூல் செய்து, புராஜெக்ட் முடிவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் தள்ளிப்போகிறதா என்று பார்ப்பது. எந்த ஃப்ளோட்டையும் விழுங்கிவிடுகிற அளவுக்குப் பெரிய எண், அதனால் 600. பதினாலிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் மற்றவை எல்லாம் எண்ணிக்கை, இது ஒன்றுதான் ஷெட்யூலைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பது. ஆளே உட்கார்ந்து செய்ய வேண்டியது என்பதால் பல ரிப்போர்ட்டுகளில் 'பாஸ்' என்று கையால் டைப் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஷெட்யூலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கேபிள் இழுக்கிற வேலையில் 600 கூட்டி, மறுபடி ஷெட்யூல் செய்ய எஃப்9 தட்டினேன். நடுவில் இருந்த வேலைகள் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு அப்பால் ஓடிவிட்டன. ஒப்படைப்பு மைல்ஸ்டோன் மட்டும் இருந்த இடத்திலேயே, அதே தேதியில், ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தது. தேதியைக் கட்டிப்போடுகிற கன்ஸ்ட்ரெயின்ட் கட்டத்தைப் பார்த்தேன், மேண்டேட்டரி ஃபினிஷ், அதாவது இந்தத் தேதியில்தான் முடியும் என்கிற கட்டாயம். ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

கடுமையான கன்ஸ்ட்ரெயின்ட் செக் இதை ஏன் பிடிக்கவில்லை? அறுநூற்றுச் சொச்சம் ஆக்டிவிட்டிகளில் ஆணி ஒன்றே ஒன்று. 5 சதவீதம் வரை விதி விடுகிறதே. சதவீதத்துக்கு அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. ஆணி அடித்திருக்கும்போது பெரும்பாலும் நெகட்டிவ் ஃப்ளோட் கொஞ்சமாவது இருக்கும், இங்கே கடைசிப் பாதை முழுக்கச் சரியாக பூஜ்யம். அவ்வளவு அழகாக எப்படி? பழைய ரிவிஷனோடு ஒப்பிட்டேன். டெஸ்டிங் அண்ட் கமிஷனிங் முன்னே 30 நாள், இப்போது 12. பிளானரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இந்த 12 நாள் யார் கொடுத்தது? டெஸ்டிங் டீமா?"

கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "இல்ல சார். மைனஸ் பதினெட்டு வந்துச்சு. ஃப்ளோட் சிவப்பா இருந்தா சப்மிட் பண்ணக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் அந்த நாற்காலியில் இருந்தபோது இதே வேலையைச் செய்திருக்கிறேன், பெயிண்டிங்கில் நான்கு நாளைச் சுரண்டி, ஸ்னாக்கிங்கில் (கடைசிக் குறைகளைச் சரிசெய்வதில்) மூன்று நாளைச் சுரண்டி. செக்கில் பாஸாவதுதான் வேலை என்று ஆனபின் பிளானர் பாஸ் செய்து காட்டுவார், அதற்கு அவருக்குக் கைவசம் நிறைய வித்தை இருக்கிறது. அமெரிக்கத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2015-ல் வெளியிட்ட ஷெட்யூல் வழிகாட்டியில் 10 நல்ல நடைமுறைகள் இருக்கின்றன, ஒவ்வொரு வேலைக்கும் கால அளவு எங்கிருந்து வந்தது என்பதை அதில் தனியாக ஒரு நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். டிசிஎம்ஏவின் பதினாலில் அப்படி ஒன்று கிடையாது. 44 நாளைத் தாண்டினால் கேட்கும், 30 நாள் வேலையை 12 ஆக்கினால் கேட்காது.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஆணியைப் பிடுங்கினோம். காண்ட்ராக்ட் தேதியைப் புராஜெக்ட் அளவில் இருக்கிற மஸ்ட் ஃபினிஷ் பை கட்டத்தில் போட்டோம், அங்கே போட்டால் ஃப்ளோட்டை அந்தத் தேதியிலிருந்து கணக்கிடும், வேலைகளின் முடிவுத் தேதியைப் பிடித்து நிறுத்தாது. டெஸ்டிங்கை 30-க்குத் திருப்பினோம். கிரிட்டிக்கல் பாதையில் மீதி 258 நாள், ஃப்ளோட் மைனஸ் 18. இன்னொரு செக்கான சிபிஎல்ஐ என்பது பாதை நீளத்தோடு ஃப்ளோட்டைக் கூட்டி மறுபடி பாதை நீளத்தால் வகுப்பது, 240-ஐ 258-ஆல் வகுத்தால் 0.93. 0.95-க்குக் கீழே, சிவப்பு. நெகட்டிவ் ஃப்ளோட் வரியும் சிவப்பு. 600 நாள் டெஸ்ட்டை மறுபடி ஓட்டினேன், ஒப்படைப்பு 600 நாள் நகர்ந்தது.

இரண்டு சிவப்பு வரிகளோடு அப்படியே அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே மேலிருந்து போன்: "காலைல வரைக்கும் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு, என்னய்யா பண்ணீங்க?"