உப்பிய பேட்டரி: ஒரு கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 19

ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டியின் பேட்டரி உப்பிவிட்டது. மேசைமேல் வைத்தால் தள்ளாடுகிறது.

ஏப்ரல் 20

இரவு முழுக்க அதே எண்ணம். காலுக்கடியில் தலையணை அடுக்கிப் படுத்திருப்பவளுக்கு வேறென்ன எண்ணம் வரும்? விடிந்ததும் அண்ணன் மகன் செழியனை வோல்ட் அளக்கும் மீட்டர் எடுத்துவரச் சொன்னேன். வெள்ளைச் செருகியில் நான்கு கம்பிகள். ஒவ்வொரு செல்லாகத் தொட்டு அளந்தோம். 3.81. 3.80. 3.12. மூன்றாவது போய்விட்டது. நடுவில் பூரிபோல் எழும்பி, நீல உறை இழுபட்டு, அதன்மேல் அச்சடித்த எழுத்துகள் அகலமாகத் தெரிகின்றன. செழியன் விரலால் அமுக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

இது அண்ணனின் கைங்கரியம். போன கோடையில் செல்லுக்கு 4.2 வோல்ட் முழுதாக ஏற்றி, மேற்கு வெயில் அடிக்கும் அலமாரியில் போட்டுவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். லித்தியம் பாலிமர் பேட்டரியைச் சும்மா வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். முழு ஏற்றத்தில், சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு சேரும். பொறியியல் படித்தவர். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவர்.

அம்மா குப்பை வண்டியில் போடச் சொல்கிறாள். குப்பை வண்டியில் நசுங்கினால் வண்டியே எரியும். மணல் நிரப்பிய பழைய வாளிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே துவைகல்லின் நிழலில் விட்டிருக்கிறோம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்கிற நிறுவனமே பழையதைத் திரும்பப் பெறப் பொறுப்பு. கிருஷ்ணகிரியில் யாரிடம் போய் அந்த விதியை நீட்டுவது?

ஏப்ரல் 21

வலி. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 23

பின்திண்ணையில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு, தோப்பின் ஓரத்தில் ஆமைப் பாறை. இத்தனை வருடமாக அதை ஒரு பாறை என்றே நான் மதித்ததில்லை. ஏறிக் குதிக்க நான்கு எட்டுப் போதும். இப்போது அதன் இடது விளிம்பில் ஒரு பிளவு இருப்பதும், பிளவுக்கு மேல் ஒரு சாண் உயரம் செங்குத்தாக இருப்பதும் தெரிகிறது. அந்த ஒரு சாணை வண்டி ஏறுமா?

வண்டி ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, 35 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஹாபிவிங் 1080. இரண்டு செல்லும் தாங்கும், மூன்று செல்லும் தாங்கும். ஆகவே எது வாங்குவது என்பது முழுக்க என் தலையில்.

ஏப்ரல் 24

நேற்றிரவு பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ஆறு செல், 7.2 வோல்ட். தீப்பிடிக்கும் பயம் குறைவு, அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் நானூறு கிராமுக்குப் பக்கத்தில் கனம். நீளமும் அதிகம்.

லித்தியம் பாலிமர், இரண்டு செல், கொள்ளளவு 5000 மில்லி ஆம்பியர் மணி, கெட்டியான பிளாஸ்டிக் கூடு. 138 மில்லிமீட்டர் நீளம். முன் அச்சுக்கு மேலே அண்ணன் பொருத்திய தட்டு 110தான். முடிந்தது கதை.

மூன்று செல், 2200. செத்துப்போனதன் வாரிசு. சுமார் 180 கிராம். தட்டில் சரியாக உட்காரும்.

மூன்று செல், 1500. சுமார் 130 கிராம். உட்கார்ந்தும் இடம் மிஞ்சும்.

செழியனுக்கு 2200 வேண்டுமாம். ஏன் என்றால், “அத்தை, பெரிய நம்பர்” என்கிறான்.

ஏப்ரல் 27

வாக்கர் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. டக், டக், இழுவை. டக், டக், இழுவை. கட்டுப் பிரிக்கப் போனபோது, ஊன்றலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இன்னும் இல்லை என்றார். காலை உடைத்துக்கொண்ட ராயக்கோட்டைப் படிகளைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 29

சி என்ற எழுத்தைப் பற்றி.

ஒவ்வொரு பேட்டரியின் நெற்றியிலும் 35சி, 50சி, 100சி என்று போட்டிருக்கிறார்கள். கொள்ளளவை ஆம்பியர் மணியாக்கி, அதோடு இந்த எண்ணைப் பெருக்கினால், தொடர்ந்து இவ்வளவு ஆம்பியர் தரும் என்று பொருள். 2200க்கு 100சி என்றால் 220 ஆம்பியர். நல்லது. அந்தப் பேட்டரியின் முனையில் பற்றவைத்திருக்கும் மஞ்சள் செருகி எக்ஸ்டி60. அது 60 ஆம்பியர் அளவுக்கென்று செய்தது. 220 ஆம்பியர் எந்த வழியாக வெளியே வருமாம்? ஜன்னல் வழியாகவா?

இரண்டு மணி நேரம் இதைப் படித்துப் படித்துக் கோபம் ஏறியது. பாறை ஏறும் வண்டி ஆமை வேகத்தில் போவது, அதற்கு இந்த வாணவேடிக்கை எதற்கு? சக்கரம் சிக்கி மோட்டார் நின்றுபோகும் நொடியில் மட்டும்தான் மின்னோட்டம் எகிறும். அதற்கு 1500இல் 35சி போதும். பெருக்கினால் 52. அதில் பாதி உண்மையாக இருந்தாலும் எனக்கு மிச்சம்தான். இப்போது நான் எண்ணைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறேன். ஒரே கொள்ளளவு சொல்லும் இரண்டில் ஒன்று மட்டும் சந்தேகப்படும்படி இலேசாக இருந்தால், உள்ளே சரக்குக் குறைவு. எடையைக் குறிப்பிடாத கடையில் வாங்கவே மாட்டேன்.

அம்மா விளக்கை அணைக்கச் சொன்னாள். மணி ஒன்று.

மே 1

அண்ணன் போனில் பேசினார். அடுத்த மாதம் வரும்போது அங்கிருந்தே நல்ல பேட்டரியாக ஒன்று வாங்கிவரச் சொன்னேன். விமானத்தில் விடமாட்டார்கள் என்று ஒரே பிடிவாதம். பெட்டியில் போட்டு அனுப்பத்தான் கூடாது, கைப்பையில் தாராளமாகக் கொண்டுவரலாம். 100 வாட் மணிக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதிகூடத் தேவையில்லை. 11.1 வோல்ட்டை 2.2ஆல் பெருக்கினால் 24.4. நூறில் கால்வாசிகூட இல்லை. முனைகளில் டேப் ஒட்டிக்கொண்டால் போதும். இவ்வளவும் சொன்னேன். “பார்க்கலாம்” என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.

அண்ணிக்கு நான் இந்த வண்டியோடு மல்லுக்கட்டுவதில் சந்தோஷம் போலிருக்கிறது. “எதிலாவது மனசு போகட்டும்” என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கால்தான் உடைந்தது, காது இல்லை.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. நிழலிலேயே ஓடு கொதிக்கிறது.

மே 6

செழியனின் சிநேகிதன் ஒருவன் தன் பந்தய காரின் பேட்டரியை இரவல் தந்தான். நான் நிராகரித்த அதே இரண்டு செல் 5000 செங்கல். தட்டில் உட்காராது என்று சொல்லியும் கேளாமல், பையன்கள் அதை வண்டியின் கூரைமேல் துணிப்பட்டையால் கட்டினார்கள். நான் திண்ணையில் நீதிபதி.

சமதரையில் ஜம்மென்று போனது. பாறையின் சாய்வில் குறுக்கே திரும்பியதும் மேல்பக்கச் சக்கரங்கள் மெல்ல எழுந்தன. முன்சக்கரம் ஒரு விரற்கடை, பின்சக்கரம் அதில் பாதி. ஒரு கணம் அப்படியே நின்றது. செழியன் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தான். அதோடு கவிழ்ந்து, இரண்டு உருள் உருண்டு, மாஞ்சருகுக்குள் மல்லாந்து கிடந்து சக்கரம் சுற்றியது. சரிவில் சாயும் வண்டியைச் சரிவுப் பக்கம்தான் திருப்ப வேண்டும். கத்தினேன். காதில் விழவில்லை.

கால் கிலோவுக்கு மேலான கனத்தை உச்சந்தலையில் வைத்தால் இதுதான் நடக்கும். அதே கனத்தைத் தாழ்வாக, முன் அச்சின்மேல் வைத்தால் ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தூக்காமல் பாறையைப் பிடிக்கும். மூக்கில் அறுபது பங்கு, வாலில் நாற்பது என்று இந்த விளையாட்டில் ஊறியவர்கள் சொல்வது இதனால்தான். எவ்வளவு பெரிய பேட்டரி என்பதைவிட எங்கே உட்காருகிறது என்பதே பெரிய கேள்வி. பையன்களுக்கு இதை விளக்கினேன். வண்டி உருண்டதை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டார்கள்.

மாலையில் அந்தச் செங்கலைத் திருப்பித் தருமுன் சார்ஜ் ஏற்றினேன். சார்ஜர் உள்ளே ஊற்றியது 1240 மில்லி ஆம்பியர் மணி. ஓடியது ஏறக்குறைய நாற்பது நிமிடம். அப்படியானால் சராசரி இரண்டு ஆம்பியர்கூட இல்லை! மூன்று செல்லில் அதே வேலைக்கு இன்னும் குறைவாக, ஒன்றேகால் ஆம்பியர் போதும். 1500இல் எண்பது சதவீதத்துக்கு மேல் வடிக்காமல் நிறுத்தினாலும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரும். செழியன் கையில் மூன்று செல் கிடைத்தால் விரட்டுவான், முக்கால் மணி என்றே வைத்துக்கொள்வோம். இந்த வெயிலில் அதற்குமேல் யார் வெளியே நிற்பது?

மே 7

1500. மூன்று செல். 35சி. பணம் கட்டிவிட்டேன்.

மே 8

2200ஆகவே வாங்கியிருக்கலாமோ?

மே 9

இல்லை. 50 கிராம் என்பது 50 கிராம்தான்.

மே 13

தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற்றக் கூடாது என்ற தடை 2016 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆகவே என் பேட்டரி லாரியில் வருகிறது. சரி, வரட்டும். ஆனால் ஓசூர் கிடங்கில் எதற்கு இத்தனை நாள் தவம்? ஓசூரிலிருந்து இங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம். கால் மட்டும் ஒழுங்காக இருந்தால் நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

கால் மட்டும் ஒழுங்காக இருந்தால். இந்த வாக்கியத்தை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று இருந்தேன்.

மே 14

“உங்கள் பொருள் ஓசூர் கிடங்கில் உள்ளது.”

மே 15

“உங்கள் பொருள் ஓசூர் கிடங்கில் உள்ளது.” அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். நியாயம்தான்.

மே 18

வந்தது. அட்டைப்பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது, பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் நகைத் தராசு போன்ற சிறிய சமையல் தராசில் 128 கிராம். சொன்ன எடை 130. இந்த உலகத்தில் யாரோ ஒருவர் உண்மை சொல்லியிருக்கிறார்.

சார்ஜ் ஏற்ற அடுப்பங்கரையிலிருந்து பழைய மண்சட்டி கேட்டேன். எதற்கு என்று கேட்டவளிடம், தீப்பிடித்தால் சட்டிக்குள்ளேயே அடங்கட்டும் என்று உண்மையைச் சொன்னேன். சட்டியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குண்டான் மணலையும் கொண்டுவந்து வைத்து, முழு நேரமும் நின்று காவல் காத்தாள். 1500க்கு 1.5 ஆம்பியர், அதற்குமேல் அவசரம் வேண்டாம். கட்டுப்பாட்டுக் கருவி லித்தியம் என்ற அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்தால், நிக்கலில் இருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் மின்னழுத்தம் இறங்கும்போது நிறுத்தாமல் செல்களை உறிஞ்சியே கொன்றிருக்கும். அலமாரி வெயிலோடு இதுவும் சேர்ந்திருக்கிறது, மூன்றாவது செல்லின் மரண விசாரணை இத்துடன் முடிந்தது. அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

மே 19

ஏறவில்லை. பிளவில் பின்சக்கரம் விழுந்து, வயிறு தட்டி நின்றுவிட்டது.

மே 20

ஏறவில்லை. ஆனால் முன்பக்கம் தூக்கவே இல்லை. கனம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. கோணம்தான் தப்பு.

மே 22

ஏறிவிட்டது! பிளவை நேராகக் கடக்காமல் சாய்வாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக இறக்கச் சொன்னேன். செழியன் விசையை மயிரிழைதான் அழுத்தினான். இடது முன்சக்கரத்தின் ரப்பர் கல் விளிம்பில் மடிந்து, பற்றி, வழுக்கி, மறுபடி பற்றியது. மேலே போய் நின்றதும் விசையை விட்டான். மோட்டார் பிடிப்பில் வண்டி அசையாமல் நின்றது. நான் வாக்கரைப் பிடித்தபடி எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். அம்மா பயந்து ஓடிவந்தாள்.

மே 23

காலில் வீக்கம். நேற்று எழுந்து நின்றதால் என்று அம்மா. வெயிலால் என்று நான். டாக்டரிடம் யாரும் சொல்லப்போவதில்லை.

மே 26

தோப்பில் பெங்களூரா காய் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். கூழ்த் தொழிற்சாலைக்கு டெம்போ டெம்போவாகப் போகிறது. பாறையைச் சுற்றிக் கூடைகள். இன்று ஓட்டம் இல்லை.

மே 29

செழியனுக்குப் பள்ளி திறக்கப்போகிறது. விடுதியில் பேட்டரி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், ஆகவே வண்டி இங்கேயேதான். அதுவரை தினமும் இரண்டு ஓட்டம் வேண்டுமாம், அதற்கு இரண்டாவது பேட்டரி வேண்டுமாம். இப்போது ஆர்டர் செய்தால் ஓசூரில் தவம் முடிந்து வருவதற்குள் அவன் போயிருப்பான். பிறகு யார் ஓட்டுவது என்று அம்மா கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

மே 31

நாளை மறுநாள் எக்ஸ்ரே. 1500 இன்னொன்றா, அல்லது மழைக்காலத்தில் ஈரப் பாறைக்கு 1300 போதுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1300 இன்னும் இருபது கிராமாவது குறையும். ஆனால் முன்பக்கம் இலேசானால் அந்த ஒரு சாணில் மறுபடி தகராறு வரும். சக்கரத்துக்குள் ஈயப் பட்டை ஒட்டிச் சரிக்கட்டலாம். அதைவிட 1500 தேவலை. அண்ணியிடம் கேட்டுவிட்டு இன்றே பணம் கட்டிவிடலாம், அண்ணன் வரும் தேதியும் அவருக்குத்தான் தெரியும். போன் அடிக்கிறது, அண்ணிதான்.