உணவு இடைவேளையில் சூரியப் புள்ளி எண்ணுவது

தனியார் பள்ளிகள் பலவற்றில் ஒரு தொலைநோக்கி உண்டு. பெரும்பாலும் அது இயற்பியல் லேப் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆண்டுக் கண்காட்சியன்று மட்டும் வெளியே வந்து மேசைமேல் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். வானியல் மன்றத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கும், கூட்டம்தான் நடக்காது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நட்சத்திரம் பார்க்க இருட்ட வேண்டும்; இருட்டுவதற்குள் பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும். பெற்றோர் அனுமதி, வீடு திரும்ப வண்டி, பொறுப்பாசிரியர் என்று எல்லாம் கூடி வரும் இரவில் மேகம் மூடிக்கொள்ளும்.

பள்ளி நேரத்திலேயே பார்க்கக் கிடைக்கும் நட்சத்திரம் ஒன்றுதான். அதன்மேல் உள்ள கரும்புள்ளிகளை தினமும் வரைந்து எண்ணுவது 15 நிமிட வேலை. 40 நிமிட உணவு இடைவேளையில் சாப்பாட்டுக்கும் நேரம் மிஞ்சும்.

முதலில் ஆபத்தைப் பேசிவிடுவோம். தொலைநோக்கி வழியாகச் சூரியனை யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட. பிம்பத்தை அட்டையில் விழவைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய தொலைநோக்கிப் பெட்டிகளில் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் முனையிலுள்ள சிறு லென்ஸ் தொகுதியில், திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும். வெப்பத்தில் விரிசல் விடக்கூடியது அது, குப்பையில் போடுங்கள். குழாய்மேல் இருக்கும் பைண்டரும் சின்னத் தொலைநோக்கிதான். அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மூடி போட்டால் போதும் என்பார்கள். மூடியைக் கழற்றிப் பார்க்க ஒரு ஏழாம் வகுப்புப் பையன் எப்போதும் இருப்பான்.

லென்ஸ் தொலைநோக்கிதான் இதற்கு ஏற்றது. 50 அல்லது 60 மி.மீ. விட்டம் போதும். அதைவிடப் பெரிதென்றால் முன்பக்கத்தில் 60 மி.மீ. வட்டம் வெட்டிய அட்டையைப் பொருத்துங்கள். முன்புறம் கண்ணாடித் தகடும் உள்ளே ஆடியும் உள்ள குட்டைக் குழாய் வகை வேண்டாம். உள்ளேயே வெப்பம் குவிந்து பாகங்கள் கெடும். ஐபீஸிலும் விலை மலிந்த பழைய வகையே நல்லது. லென்சுகளைப் பசையால் ஒட்டிய உயர்ந்த ரகத்தில் பசை இளகும். பிளாஸ்டிக் பாகம் உள்ள ஐபீஸ் உருகியே போகும்.

அட்டை எவ்வளவு தூரத்தில் என்பதைக் கணக்குப் போட்டே வைக்கலாம். 700 மி.மீ. குவியத்தூரக் குழாயின் குவியத்தில் சூரியன் சுமார் 6.5 மி.மீ. அகலம். 20 மி.மீ. ஐபீஸ் போட்டு, அதற்குப் பின்னால் ஏறத்தாழ 48 செ.மீ. தள்ளி அட்டையை நிறுத்தினால் 150 மி.மீ. வட்டம் கிடைக்கும். ஜனவரியில் பூமி சூரியனுக்குச் சற்று நெருக்கம், ஜூலையில் விலகல். அதனால் இரண்டு மாதங்களுக்கும் இடையே வட்டம் சுமார் 5 மி.மீ. வேறுபடும். அட்டையை நகர்த்திச் சரிசெய்ய இடம் விட்டுக் கட்டுங்கள்.

குறிவைக்கக் கண் தேவையில்லை. தரையில் விழும் குழாயின் நிழல் எப்போது மிகச் சிறிய வட்டமாகிறதோ, அப்போது குழாய் சூரியனை நோக்கி நிற்கிறது. குழாயின் முன்பகுதியில் பெரிய அட்டையை வளையமாக மாட்டினால் அதன் நிழலுக்குள் பிம்பம் பளிச்சென்று தெரியும். கையால் திருகும் ஸ்டாண்ட் என்றால் ஒருவர் திருகியபடியே இருக்க வேண்டும். 10 நொடியில் பிம்பம் 12 மி.மீ. ஓடிவிடும். பிம்பம் விழும் அட்டைமேலேயே பென்சிலை அழுத்தி வரையத் தொடங்குவது எல்லாரும் செய்யும் தப்பு. குழாய் ஆடும், புள்ளி இரண்டிரண்டாகத் தெரியும். அட்டையில் 10 மி.மீ. கட்டம் போட்ட தாளை ஒட்டிவிட்டு, அதேபோல் கட்டம் போட்ட இன்னொரு தாளில் தனியே வரைய வேண்டும்.

நான்கு பேர் போதும்: திருகுபவர், பார்த்துச் சொல்பவர், வரைபவர், காவல். காவல் நிற்பவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் ஐபீஸ் பக்கம் குனியாமல் பார்த்துக்கொள்வதும், இடைவெளி விடும்போது லென்சை மூடுவதும் அவர் பொறுப்பு.

முதல் வாரத்தில் கண்டுபிடிக்கப்படும் ‘புள்ளிகளில்’ பாதி தூசிதான். குழாயை லேசாகத் தட்டிப் பாருங்கள். சூரிய விளிம்போடு சேர்ந்து நகர்ந்தால் புள்ளி; விளிம்பு நகர்ந்தும் அது நின்ற இடத்திலேயே நின்றால் ஐபீஸ் தூசி. வட்டத்தின் ஓரம் நடுவைவிட மங்கலாகத் தெரிவது பழுதல்ல, சூரியனே அப்படித்தான். திசை தெரிய, திருகுவதை நிறுத்துங்கள். முதலில் காட்சியை விட்டு வெளியேறும் விளிம்பு மேற்கு. குழாயை வடக்கே கொஞ்சம் நகர்த்தினால் முதலில் வெளியேறுவது தெற்கு.

எண்ணும் முறை 1848இல் சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வுல்ஃப் வகுத்தது. அருகருகே திரண்டிருக்கும் புள்ளிகள் ஒரு கூட்டம். கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 3 கூட்டம், மொத்தம் 11 புள்ளி என்றால் 41. தனியே நிற்கும் ஒற்றைப் புள்ளியும் ஒரு கூட்டமே, ஆகவே அதற்கு 11. இதில் ஒரு வசதி உண்டு: 1 முதல் 10 வரை எந்த எண்ணும் வரவே வராது. ஏட்டில் 7 என்று இருந்தால் கூட்டத்தைப் பெருக்க மறந்திருக்கிறார்கள். ஒரே நாளில் இருவர் எண்ணி 41, 52 என்று வந்தால் இரண்டையும் பெயரோடு எழுதுங்கள். எட்டாம் வகுப்பு எண்ணியதைப் பன்னிரண்டாம் வகுப்பு அழித்துத் திருத்துவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பெரும்பாலும் சின்னவர்கள் கண்தான் கூர்மை.

பூஜ்யமும் வெற்றிடமும் வேறு. பார்த்தோம், புள்ளி இல்லை என்றால் 0. மேகம், தேர்வு, விடுமுறை என்றால் கோடு. ஏட்டைப் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கோடுகளையெல்லாம் 0 ஆக்கினால் அந்த மாதச் சராசரியே பொய்யாகிவிடும்.

திங்கட்கிழமைதான் சிக்கலான நாள். சூரியன் பூமியிலிருந்து பார்க்க சுமார் 27 நாளில் ஒரு சுற்று வருகிறது. வெள்ளிக்கிழமை நடுவில் இருந்த கூட்டம் திங்கட்கிழமை 40 பாகை தள்ளி மேற்கே இருக்கும். வார இறுதியில் கிழக்கு விளிம்பில் புதிதாக முளைத்ததைப் பழைய கூட்டம் என்று நினைத்து அதற்கு இட்டிருந்த அடையாள எண்ணையே கொடுத்துவிடுவார்கள். சனி, ஞாயிறு யாராவது வந்து எண்ணத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமைத் தாளில் வேலையைத் தொடங்கினால் போதும்.

மாதக் கடைசியில் பிரஸ்ஸல்ஸில் உள்ள சூரியப் புள்ளிகளுக்கான உலகத் தரவு மையம் வெளியிடும் தினசரி எண்ணோடு ஒப்பிடலாம். பள்ளி எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், சின்னக் குழாயில் நுண்புள்ளிகள் தப்பிவிடும். இரண்டு எண்களின் விகிதம் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் உங்கள் ஏடு நம்பத்தக்கது. திடீரென்று மாறினால் ஐபீஸைத் துடைத்துப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், அந்த மாதம் புதிதாக எண்ண வந்தவர் யார் என்று பாருங்கள்.