எக்கோ ராக்கும் கடலடி மணலும்

கொடைக்கானலில் டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையில், எக்கோ ராக்கருகே நின்று அக்கா மகன் கத்திப் பார்த்தான். "மாமா, பாறை முழுக்க வெடிப்பா இருக்கே, அப்புறம் எப்படிச் சுவர்ல பட்ட மாதிரி குரல் திரும்புது?" என்று கேட்டான். அவன் குரலின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சாண் அளவு வெடிப்பு அதன் கணக்கிலேயே வராது.

கடலிலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து, கடலடித் தரையிலிருந்து ஒலி எப்படித் திரும்பும் என்று கணக்குப் போடுகிறவன் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். அந்தக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியான சோனார் 12 கிலோஹெர்ட்ஸில் இயங்கினால் அதன் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். மணலின் மேடுபள்ளம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் என்றும், ஒலி தரையோடு 20 டிகிரி சாய்வில் வந்து படுகிறது என்றும் கொண்டால், அதே தரை முதல் சோனாருக்கு வழவழப்பு, இரண்டாவதற்குக் கரடுமுரடு.

நான் சறுக்கியது வேறிடத்தில். சுண்ணாம்புச் சுவரில் பட்ட வெளிச்சம் எல்லாத் திசைக்கும் பரவுவதைச் சொல்லும் லாம்பர்ட் விதியைக் கடலடிக்கும் பொருத்துவது பழைய வழக்கம். கடலடி எவ்வளவு ஒலியைச் சிதறடிக்கும் என்பதற்கு 1961-இல் மெக்கன்சி என்ற ஆய்வாளர் ஆழ்கடல் அளவீடுகளிலிருந்து தந்த மைனஸ் 27 டெசிபெல் என்ற எண்ணை இன்றும் பலர் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அவர் அளந்ததோ 530, 1,030 ஹெர்ட்ஸ் ஒலியை. நானும் அதையே போட்டேன். நடுத்தரக் கோணங்களில் என் கணக்கின் கோடு அளந்த தரவின் மேல் அழகாகப் படிந்துவிட்டதால், செங்குத்துக்கு அருகே எதிரொலி பல மடங்கு ஓங்கி நின்றதைக் கருவிக் கோளாறு என்று தள்ளிவிட்டேன். கோளாறு நான் போட்ட கணக்கு மாதிரியில்தான் இருந்தது. அந்த இடத்தில் கண்ணாடிபோல் திருப்பியனுப்பும் பங்கு லாம்பர்ட் விதியில் கிடையாது.

அதைவிடப் பெரிய ஏமாற்று சேறு. மணலில் ஒலியின் வேகம் நீரைவிட ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல் என்பதால், தரையோடு 30 டிகிரிக்கும் குறைவான சாய்வில் வரும் ஒலி பெரும்பாலும் உள்ளே போகாது; சிதறல் மேற்பரப்பிலேயே நடக்கும். மெல்லிய சேற்றிலோ வேகம் பெரும்பாலும் நீரைவிடச் சற்றுக் குறைவு. ஒலி உள்ளே இறங்கி, புதைந்த கிளிஞ்சலிலும் வாயுக் குமிழிகளிலும் பட்டுத் திரும்புகிறது. மேற்பரப்பு மொழுகிவிட்ட திண்ணைபோல் இருந்தாலும் எதிரொலி வலுவாக வரலாம். 1986-இல் ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் செய்ததுபோல், மேற்பரப்புச் சிதறலையும் உட்சிதறலையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவதே இப்போது என் வழி. அதற்கு அந்த இடத்து மண் கையில் இருக்க வேண்டும். மண் மாதிரி எடுக்காத தரவை இப்போதெல்லாம் நான் வாங்குவதில்லை.