விராலோ வராலோ

8ஆம் வகுப்பில தமிழ் சேர் என்ர கட்டுரையில "விரால்" எண்டு இருந்தத சிவப்புப் பேனையால வட்டம் போட்டு பக்கத்தில "வரால்" எண்டு எழுதிவிட்டவர். எங்களுக்கு ஒரே சிரிப்பு. எங்கட வன்னியில வவுனிக்குளம் நிரம்பி வான் பாயேக்க அந்த மீனைப் பிடிக்கிற சனம் முழுக்க விரால் எண்டுதான் சொல்லும், சேர் யாழ்ப்பாணத்து ஆள், கடல்மீன் திண்டு வளந்தவர், குளத்துமீன் சேத்து மணம் எண்டு வாயில வைக்கமாட்டார், அவருக்கென்ன தெரியும் எண்டு கடைசி வாங்கில இருந்து ஒரே பகிடி.

அப்புவிட்டக் கொப்பியக் காட்ட, "பிடிக்கிறவனுக்குத் தெரியாத பேர் படிப்பிக்கிறவனுக்குத் தெரியுமோ" எண்டவர். அப்பு விராலை ஈரச்சாக்கில சுத்தி சைக்கிள் கரியர்ல கட்டிக்கொண்டு வருவார், காத்தை விழுங்கிச் சீவிக்கிற மீன் எண்டபடியா வீட்டு முத்தத்தில கொட்டேக்கையும் துள்ளும், அம்மா சாம்பல் பூசித்தான் பிடிப்பா.

பிறகு ஏஎல் (உயர்தரம்) படிக்கேக்க அதே சேர் அகநானூறு 36ஆம் பாட்டை எடுத்தார். நக்கீரர் பாடினது. "பகுவாய் வராஅல் பல்வரி இரும்போத்து". பிளந்த வாய், உடம்பெல்லாம் கோடு, போத்து எண்டா ஆண். தூண்டில் இரையை விழுங்கின அந்த மீன் ஆம்பல் இலையைக் கிழிச்சு, குவளைப் பூவைச் சிதைச்சு, வள்ளைக்கொடியெல்லாம் குழப்பி, இழுக்க இழுக்க வராமல் கயித்தில கட்டின கோவக்கார மாடு மாதிரி விடியக்காலமை குளத்தைக் கலக்குதாம். எனக்கு உடன அப்புவின்ர நூல் தாமரைக்குள்ள சிக்கினதுதான் ஞாபகம் வந்தது. பின்னேரம் போய்ச் சொல்ல, "உதை எழுதினவன் தூண்டில் போட்டவன்தான்ரா" எண்டார், பேரைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்ல.

ரெண்டும் ஒரே சொல்தான், பழசு வரால். மலையாளத்தில இப்பவும் வரால், பேச்சில பிரால் எண்டும் சொல்லுவினம். சிங்களத்தில லூலா. இஞ்ச லண்டன் ஈஸ்ட்ஹாம்ல வங்காளிக் கடை ஃபிரீசர்ல அதே கறுத்த முதுகு "ஷோல்" எண்டு எழுதின பெட்டிக்குள்ள கிடக்கும்.

போன கிழமை ஒண்டு வாங்கிக்கொண்டு வர, இது என்ன மீன் அப்பா எண்டு மகள் கேட்டாள். வரால் எண்டன். மனிசி குசினிக்குள்ள இருந்து, "விரால்!" எண்டு திருத்தினா. அவவும் எங்கட பள்ளிக்கூடம்தான்.