டப்பாவில் எழுதிய சதுர மீட்டரும் என் வீட்டு மூன்று ஆரண்டாவும்

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வீட்டில் மூன்றடித் தொட்டி, சுமார் 100 லிட்டர், அதில் மூன்று ஆரண்டா, தலையில் கொண்டை வைத்த கோல்ட்ஃபிஷ். பகலில் மனிதர்கள் விடும் அமோனியா, வீட்டுக்கு வந்தால் மீன்கள் விடும் அமோனியா. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: அமோனியாவைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு விஷம் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா. அதனால் ஃபில்டர் மீடியா, அதாவது அந்தப் பாக்டீரியா குடியிருக்க ஃபில்டருக்குள் போடும் பொருள் பற்றி யாராவது கேட்டால் கொஞ்சம் நீட்டி முழக்கிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை கேட்டது அக்கா பையன். கொளத்தூருக்கு மீன் வாங்கப் போனவன் கடையில் நின்றுகொண்டே போன் போட்டான்.

"மாமா, ரெண்டு மீடியா டப்பா காட்றாங்க. ஒண்ணுல லிட்டருக்கு 300 சதுர மீட்டர் பரப்புன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 1000. வெலை ரொம்ப ஜாஸ்தி. எதை எடுக்கட்டும்?"

"ரெண்டையும் வச்சிட்டு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் நல்ல ஏர் பம்பும் வாங்கிட்டு வாடா."

மாமா கஞ்சன் என்று நினைத்திருப்பான். அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் எஸ்.டி.பி. தொட்டிக்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் லட்சக்கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் நார்வேயில் உருவான முறை. மீன் வளர்ப்பவர்கள் இதையே கே1 மீடியா என்று வாங்குகிறார்கள். இதில் பாக்டீரியா ஒட்டிப் படர்வதற்கான பரப்பு ஒரு கன மீட்டருக்கு சுமார் 500 சதுர மீட்டர். லிட்டர் கணக்கில் சொன்னால் வெறும் அரை சதுர மீட்டர். டப்பாவில் போட்டிருப்பதில் இது எந்த மூலைக்கு? ஆனால் இந்த அரை சதுர மீட்டரை நம்பித்தான் பெரிய பெரிய சுத்திகரிப்பு நிலையங்களே ஓடுகின்றன.

டப்பாக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பரப்பு இருக்கலாம். ஒரு லிட்டருக்குள் அவ்வளவு பரப்பைத் திணிக்க வேண்டுமானால் துளைகள் சில மைக்ரான் அளவுக்குச் சின்னதாக இருந்தாக வேண்டும். பாக்டீரியாவே சுமார் ஒரு மைக்ரான். நாலைந்து உள்ளே போய்ப் பெருகினால் வாசல் அடைத்துக்கொள்ளும். தப்பித்து உள்ளே இருப்பவற்றுக்கும் தண்ணீர் ஓடிப் போய்ச் சேராது, மெல்ல ஊறித்தான் போக வேண்டும். மேலே படிந்திருக்கும் வழவழப்பான படலத்தைத் தாண்டுவதற்குள், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம் போவதற்குள்ளேயே, ஆக்சிஜனோ அமோனியாவோ ஒன்று தீர்ந்துவிடும். ஆயிரம் அறை வைத்துச் சத்திரம் கட்டினாலும் பத்து பேருக்குத்தான் சாப்பாடு என்றால் தங்கப்போவது பத்து பேர்தான்.

சரி, என் தொட்டிக்கு எவ்வளவு பரப்பு வேண்டும்? மீன் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு சூத்திரம் உண்டு: போடும் தீனியின் எடை, அதில் உள்ள புரதத்தின் பங்கு, 0.092, மூன்றையும் பெருக்கினால் ஒரு நாளில் உண்டாகும் அமோனியா நைட்ரஜன் வந்துவிடும். நான் தினமும் போடுவது சுமார் 2 கிராம், 40 சதவீதம் புரதம். பெருக்கினால் ஏறக்குறைய 74 மில்லிகிராம். பண்ணைகளில் ஒரு சதுர மீட்டர் மீடியா ஒரு நாளில் 0.2 கிராமும் அதற்கு மேலும் தின்னும். வீட்டுத் தொட்டியில் அமோனியா அவ்வளவு அடர்த்தியாக இருக்காது என்பதால் நான் 0.1 என்று இறுக்கிப் பிடித்தே போடுகிறேன். விடை 0.74 சதுர மீட்டர். கே1 என்றால் ஒன்றரை லிட்டர். ஸ்பாஞ்சாக இருந்தால் அதைவிடக் குறைவாகவே போதும்.

கணக்கில் தொட்டியின் லிட்டர் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? '200 லிட்டர் தொட்டிக்கு இத்தனை கிலோ செராமிக் ரிங்' என்று சொல்பவர்கள் தண்ணீரை எண்ணுகிறார்கள். பாக்டீரியா எண்ணுவது தீனியை.

பரப்பைவிட நான் பயப்படுவது ஆக்சிஜனுக்கு. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 30 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டில் ஒரு லிட்டரில் கரையக்கூடியது ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான். மீனும் அதிலிருந்துதான் மூச்சு விடுகிறது, பாக்டீரியாவும் அதிலிருந்துதான். போதாததற்கு அதே சூடு அமோனியாவின் விஷத்தையும் ஏற்றும். பிஎச் 8, 30 டிகிரி என்றால் மொத்த அமோனியாவில் 7 சதவீதத்துக்கு மேல் விஷமுள்ள வடிவத்தில் இருக்கும். பிஎச் 7 என்றால் ஒரு சதவீதம்கூட வராது. நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8 பக்கம்தான் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் நான் மீடியாவைக் கையில் எடுத்தால் பார்ப்பது ஒன்றே ஒன்று: அழுக்கு சேர்ந்த பிறகும் இதன் வழியாகத் தண்ணீர் ஓடுமா, ஓடாவிட்டால் சுலபமாகக் கழுவ முடியுமா. ஸ்பாஞ்ச் இதில் ராஜா. தண்ணீர் மாற்றும்போது எடுக்கிற தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பக்கெட்டில் பிழிந்தால் முடிந்தது. (குழாயடியில் மெட்ரோ தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிழியாதீர்கள். குளோரின் இருப்பதே இந்த மாதிரி ஆட்களைக் கொல்லத்தான்.) செராமிக் ரிங் மோசமில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஓட்டையெல்லாம் சேறு. லாவா கல் மலிவு, தாராளமாகப் போடலாம். பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார் கூட வேலை செய்யும், சோப்பு கலந்து விற்பதை மட்டும் வாங்காதீர்கள். பயோ பால் என்கிற ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பந்து தண்ணீருக்குள் முக்கி வைக்கிற பொருளே இல்லை. மேலிருந்து தண்ணீர் சொட்டி, நடுவில் காற்று புகுந்து போகிற டவரில்தான் அதற்கு அழகு. பவளத் துண்டுகளை மீடியா என்று சிலர் தலையில் கட்டுவார்கள். அது கரைந்து தண்ணீரின் கடினத்தையும் பிஎச்சையும் ஏற்றும். கடினமான போர் தண்ணீரில் கோல்ட்ஃபிஷ் வைத்திருப்பவருக்கு அது எதற்கு?

கே1 எனக்குப் பிடிக்கும். தொழில் பாசம். ஆனால் அதைச் சுழல வைக்கத் தனி அறையும் வலுவான காற்றும் வேண்டும், ராத்திரி முழுக்க கடகடவென்று சத்தம் வேறு. ஹாலில் தொட்டி வைத்திருக்கிறோம், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மின்வெட்டு இன்னொரு கதை. கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய பாத்திரம். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே காலியாகும், பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்து மோட்டார் தானாக ஓடினால் அந்த நாற்றத் தண்ணீர் நேராக மீன் முகத்தில் போய் அடிக்கும். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள். ஸ்பாஞ்ச் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் போதும்.

பாட்டிலில் பாக்டீரியா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சரித்திரம். ரொம்ப நாளாக நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே புத்தகங்களில் இருந்தது. 1998இல் நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ந்தபோது அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2011இல் பல தொட்டிகளில் அமோனியாவைத் தின்பவை பெரும்பாலும் ஆர்க்கியா என்றார்கள், அவை பாக்டீரியாவே இல்லை. 2015இல் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே முடித்துவிடும் ஒரு நைட்ரோஸ்பைரா அகப்பட்டது, அதைக் கண்டுபிடித்த ஆய்வுக் குழுக்களில் ஒன்றுக்குக் கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டி ஃபில்டரில்தான். பாட்டிலில் இவர்களில் யார் உயிரோடு இருக்கிறார் என்பதைவிட, நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்குவது நிச்சயம். அக்கா பையனுக்கும் என் தொட்டியிலிருந்து ஒன்று போயிருக்கிறது.

கடைசியில் சேரும் நைட்ரேட்டுக்குத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி, கூடவே வேர் தண்ணீரில் படும்படி மணி பிளான்ட் தொங்கவிடலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பாதீர்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை (தண்ணீர் அமிலமாகிவிடாமல் தாங்கும் சக்தி) செலவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் அது இருக்காது, பிஎச் சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். எவ்வளவு விலை கொடுத்த மீடியாவும் அப்போது கல்தான்.

கார்பன் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் எடுக்கத்தான், இந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை. ஜியோலைட் என்கிற கனிமக் கல் அமோனியாவை உறிஞ்சும், அவசரத்துக்கு நல்லது. ஆனால் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று கல் உப்பு போடும் பழக்கம் நமக்கு உண்டு. உப்பு பட்டால் ஜியோலைட் பிடித்து வைத்த அமோனியாவையெல்லாம் திரும்பக் கக்கிவிடும். உப்புப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஜியோலைட் பையை வெளியே எடுத்துவிடுங்கள்.