மிச்சப் பணத்தை நிறுத்தி வைப்பதற்கு முன்னால்

கொத்தனாரோடு கணக்குத் தகராறு என்றால் நம்ம ஊரில் எல்லாரும் சொல்கிற முதல் யோசனை, "மிச்சத்த நிறுத்தி வைங்க, தன்னால வருவாரு" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. வேலையில் குறை இருந்தால் அந்தக் குறைக்கு உண்டான பணத்தை நிறுத்தலாம், நிறுத்தத்தான் வேண்டும். மொத்தத்தையும் நிறுத்தினால் மேஸ்திரி எப்படியாவது சமாளித்துவிடுவார், அவருக்குக் கீழே சாந்துச் சட்டி சுமந்த எடுபிடி ஆட்களான நிமிந்தாளும் சித்தாளும்தான் வெறுங்கையோடு பஸ் ஏறுவார்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி பழையது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தளத்துக்குள் இறங்கிய தண்ணீர், அதற்கப்புறம் ஒவ்வொரு ஐப்பசிக்கும் உள்ளறைச் சுவரில் ஓதமாக வந்து நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்து, துணி பீரோவைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட வேண்டிய நிலைமை. தளத்தின் மேல் பதித்திருந்த பழைய தட்டோட்டை, அதாவது தட்டையான ஓட்டை, கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க ஒரு மேஸ்திரியைப் பேசினோம். ஆனித் தேரோட்டம் முடியட்டும் என்றார், முடிந்து ஆடியில்தான் வந்தார். பொருளோடு சேர்த்து சதுர அடிக்கு 110 ரூபாய், 720 சதுர அடி, மொத்தம் 79,200. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி அவரிடம் "சரி" வாங்கி வைத்திருந்தேன். வேலை நடக்க நடக்க 55,000 கொடுத்தாச்சு.

வேலை முடிந்தது என்று அவர் சொன்ன சனிக்கிழமை சாயங்காலம் கேட்ட தொகை 37,640. மிச்சம் 24,200 சரி. மேற்கொண்டு 13,440 எதற்கு என்றால், கைப்பிடிச் சுவர் உள்பக்கம் பூசினதற்கு என்றார். சுவரையும் பார்த்துவிடுங்கள் என்று என் அம்மா சொன்னது உண்மை, ஆனால் ரேட்டு யாரும் பேசவில்லை. இதற்கிடையில் வடமேற்கு மூலையில் தண்ணீர் தேங்குவதை நான் பார்த்துவிட்டேன். தட்டோடு போட்டு இணைப்புக்குச் சிமெண்ட் பூசிக் காய்ந்தபின் வடிகுழாய் வாயில் சாக்கை அடைத்துத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு நாள் கழித்துச் சாக்கை எடுத்தால் தண்ணீர் முழுக்க வடிந்துவிட வேண்டும். அந்த மூலையில் மட்டும் ஒரு விரற்கடை ஆழத்துக்கு அப்படியே நின்றது.

"வெயிலுக்குக் காஞ்சிரும் அண்ணாச்சி" என்றார். கார்த்திகையில் ஏது வெயில்?

அவர் குரலை உயர்த்த, பக்கத்து வீட்டு மாமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று கிளப்பிவிட, கீழே முன்னீர்பள்ளத்துப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய சித்தாள் அக்கா கூலிக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கட்டட வேலையில் சனிக்கிழமைதான் சம்பளம், அன்றைக்கு வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உலை. மேஸ்திரியிடம் கேட்டேன், ஆட்களுக்கு இந்த வாரம் எவ்வளவு கொடுக்கணும்? 12,000 என்றார். அதை அவர் கையிலேயே கொடுத்து, என் கண் முன்னால் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். அதன்பிறகு பேச்சின் சூடே குறைந்துவிட்டது. பாதிச் சண்டை அவருக்கு ஆட்கள் முன்னால் வந்த அவமானத்தில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவர் யார் பக்கமும் பேசவில்லை, டேப்பையும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற லெவல் டியூப்பையும் எடுக்கச் சொன்னார். சுற்றளவு 112 அடி. மேஸ்திரி சுவரின் மூன்றடி உயரத்துக்கும் கணக்குப் போட்டிருக்கிறார், 336 சதுர அடி, 40 ரூபாய் வீதம். ஆனால் புதுப்பூச்சு தளத்திலிருந்து ஒரு அடி உயரம்தான், மேலே பழைய பூச்சுக்கு மேல் வெறும் சிமெண்ட் பால் அடித்திருக்கிறது. விரலால் தேய்த்தால் கையில் வருகிறது. ஆக 112 சதுர அடி, 4,480 ரூபாய். 40 ரூபாய் ரேட்டு நியாயம்தான், அதில் நான் பேரம் பேசவில்லை. அடுத்தது லெவல் டியூப். நிமிந்தாள் ஒரு நுனியை வடிகுழாய்ப் பக்கம் பிடிக்க, மேஸ்திரியே மறுநுனியை அந்த மூலைக்குக் கொண்டுபோனார். குழாய்க்குள் நின்ற குமிழியைச் சுண்டிச் சுண்டி வெளியேற்றி, தண்ணீர் ஆடி அடங்கினதும் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். தண்ணீர் ஓடிவரப் பத்தடிக்கு ஒரு இஞ்சாவது வாட்டம் (சரிவு) இருக்க வேண்டிய தளத்தில், மூலை வடிகுழாய் வாயைவிடத் தாழ்ந்து கிடந்தது. கோட்டைப் பார்த்தபின் அவர் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை.

24,200-உம் 4,480-உம் சேர்த்து 28,680. சனிக்கிழமை கொடுத்த 12,000 போக 16,680. அதில் 11,680-ஐ அங்கேயே கொடுத்தேன். மூலைக்காக நிறுத்தியது 5,000 மட்டும்.

பேசித் தீராவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அநேகம் பேர் நேராக ஸ்டேஷனுக்குத்தான் ஓடுகிறார்கள். வேலைக் குறையும் கூலிப் பாக்கியும் சிவில் விவகாரம், போலீஸ் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காசு கொடுத்துச் செய்த வீட்டு வேலை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக்குள் வரும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணலாம். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். எனக்குப் பிடித்தது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே மனுக் கொடுத்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிந்தால் அது கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) மாதிரி, அப்பீல் கிடையாது. இந்த வாசல் மேஸ்திரிக்கும் திறந்திருக்கிறது. கூலியைத் தராமல் இழுத்தடிக்கிற வீட்டுக்காரர்கள் மேல் அவர்களும் தாராளமாகப் போகலாம், போகவும் வேண்டும்.

எங்கே போனாலும் அளவும் படமும்தான் பேசும். தண்ணீர் தேங்கிய மூலையில் டேப்பை நிறுத்திப் படம் எடுங்கள், பணம் அனுப்பும்போது எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள், கையில் கொடுத்தால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

அந்த மூலைத் தட்டோட்டைக் கொத்தியெடுத்து, கலவையை ஏற்றி வாட்டம் பிடித்து மறுபடி போட்டுக் கொடுத்தார். தண்ணீர் கட்டிப் பார்த்தோம், வடிந்தது. 5,000-ஐ ஜிபேயில் அனுப்பி "தள வேலைக் கணக்கு முழுதும் முடிந்தது" என்று எழுதினேன். "கிடச்சிது அண்ணாச்சி, அடுப்படிச் சுவர்லயும் ஓதம் இருக்குல்லா, தை மாசம் வந்து பாக்கேன்" என்று பதில் போட்டிருந்தார். வரச் சொல்லியிருக்கிறேன்.